இரண்டு பக்கம், ஒரு கோணம்

என் அம்மா பள்ளி இறுதித் தேர்வில் கணக்கில் தோற்றவள். மற்ற எல்லாப் பாடங்களிலும் தேறியிருந்தாள். கணக்கு மட்டும் நின்றுவிட்டது. அவள் சாகும்போதும் அது அப்படியே நின்றுகொண்டிருந்தது. அவளைப் பற்றி எழுத உட்கார்ந்தால் இதைத்தான் முதலில் எழுத வேண்டியிருக்கிறது. அவளும் யாரிடமும் இதைத்தான் முதலில் சொல்வாள். புதிதாகப் பழகுகிறவர்களிடம் பேரைச் சொல்வதற்கு முன்பே, "நான் கணக்குல ஃபெயிலுங்க" என்பாள். அவர்கள் சிரித்து வைப்பார்கள்.

ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வார்டு உதவியாளர் வேலை. விரிப்பு மாற்றுவது, எழுந்திருக்க முடியாதவர்களைத் துடைத்துவிடுவது, மலச்சட்டி எடுப்பது, சக்கர நாற்காலியில் எக்ஸ்ரேக்குத் தள்ளிக்கொண்டு போவது. புண்ணுக்கு மருந்து வைத்துக் கட்டக் கூடாது. ஊசியைத் தொடக் கூடாது. அதெல்லாம் நர்ஸ்கள் வேலை. ஆஸ்பத்திரியே தன் ஊழியர்களுக்கு உதவி நர்ஸ் பயிற்சி ஒன்று நடத்தியது. அதில் சேர இரண்டு நிபந்தனைகள்: பள்ளி இறுதித் தேர்வில் எல்லாப் பாடங்களிலும் தேறியிருக்க வேண்டும், ஐம்பது வயதைத் தாண்டியிருக்கக் கூடாது.

"ஒரு புண்ணையாவது நான் கட்டணும்டி. தொடச்சே காலம் போகுது" என்பாள்.

அதனால் ஆண்டுதோறும் கணக்குத் தேர்வு எழுதினாள். தண்ணீர் லாரி ஓட்டும் அப்பா சொல்வார்: "எங்க வீட்டுல காலண்டரே வேணாம். இவ கணக்குப் புக்கை எடுத்தா கோடை வந்துடுச்சுன்னு அர்த்தம். புக்கைத் தூக்கி எறிஞ்சா ரிசல்ட் வந்துடுச்சுன்னு அர்த்தம்."

அம்மாவுக்குக் கணக்கு என்பது மனப்பாடம். கைடில் தீர்த்து வைத்திருக்கும் கணக்குகளை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை ஒப்பிப்பாள். சக்கர நாற்காலி தள்ளும்போதும் உதடு அசைந்துகொண்டே இருக்கும். நோயாளிகள் பிரார்த்தனை என்று நினைத்தார்கள். ஒரு பெரியவர், "எனக்கும் சேத்து வேண்டிக்கம்மா" என்றாராம். அம்மா "ஆகட்டுங்கய்யா" என்று சொல்லிவிட்டுக் கூம்பின் கன அளவை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.

கணக்கென்றால் மனப்பாடம் என்று அவள் நினைத்ததற்குக் காரணம் அவளுடைய பழைய கணக்கு வாத்தியார். கரும்பலகையில் ஒரு கணக்கை எழுதிவிட்டுத் திரும்புவார். கையில் ஒட்டிய சாக்பீஸ் தூளைத் தட்டி முடிப்பதற்குள் யாருக்கு விடை வருகிறதோ அவர்களுக்குக் கணக்கு மூளை இருக்கிறது. மற்றவர்கள் பார்த்து எழுதிக்கொள்ளலாம். அம்மாவுக்கு ஒருநாளும் அதற்குள் வந்ததில்லை. அவள் அவர்மீது கோபப்படவும் இல்லை. சிலருக்குச் சுருட்டை முடி இருக்கிறது, சிலருக்கு இல்லை. அதுபோல இதுவும் என்று எடுத்துக்கொண்டாள். கணக்கு வந்தால் உடனே வரும், இல்லையென்றால் வராது. ஒரு கணக்குக்கு ஒரு வழிதான், அது புத்தகத்தில் இருக்கும். செய்தது சரியா தப்பா என்பது வாத்தியாருக்குத்தான் தெரியும். இந்த மூன்றையும் முப்பது வருஷம் சுமந்தாள்.

நான் பொறியியல் படித்துக்கொண்டிருந்த காலத்தில் ஒரு தேர்விலிருந்து அம்மா மிகவும் சந்தோஷமாகத் திரும்பி வந்தாள்.

"கேள்வித்தாள்ல தப்பா அடிச்சுட்டாங்கடி. கூம்புக் கணக்கு. ஆரம் ஏழுன்னு இருக்கணும், ஆறுன்னு போட்டிருக்காங்க. உயரமும் தப்பு. நான் ரெண்டையும் திருத்திட்டுச் செஞ்சுட்டேன்."

"திருத்துனியா?"

"ஓரத்துல எழுதியும் வெச்சேன். 'கேள்வியில் அச்சுப்பிழை உள்ளது, சரிசெய்து விடை எழுதியிருக்கிறேன்'னு. மத்த பிள்ளைங்க பாவம், தப்பாவே செஞ்சிருக்கும்."

"அம்மா, அது வேற கூம்பும்மா."

"கூம்புல என்னடி வேற கூம்பு? புக்குல ஏழு."

"வேற அளவுல ஒரு கூம்பு இருக்கக் கூடாதா?"

"உலகத்துல இருக்கும். கணக்குல இருக்கறது அதுதான்."

சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்த அப்பா தலை மாட்டிய நிலையிலேயே சொன்னார்: "தேர்வுத் துறைக்காரங்க உனக்கு நன்றி சொல்லி மாலை எடுத்துட்டு வரப்போறாங்க. வாசலைக் கூட்டி வை."

மாலை வரவில்லை. புத்தகம் பறந்தது.

நான் வேலைக்குப் போன பிறகு ஒரு மாலை வகுப்பு பற்றித் தெரிந்தது. ஆஸ்பத்திரிக்கு இரண்டு நிறுத்தம் தள்ளி ஒரு ஆரம்பப் பள்ளி. பிள்ளைகள் போன பிறகு அங்கே கணக்கில் தோற்ற பெரியவர்களுக்கு வகுப்பு. நடத்திய டீச்சர் அம்மாவைவிட வயதில் சின்னவர். பகலில் வேறொரு பள்ளியில் வேலை. முதல் நாள் அம்மாவை வண்டியில் கொண்டுபோய் விட்டேன். மழை பிடித்துக்கொண்டதால் நானும் பின்னால் உட்கார்ந்தேன். சின்னப் பிள்ளைகளின் பெஞ்சு. எல்லோருக்கும் முழங்கால் இடித்தது. ஒரு வங்கிக் காவலாளி, துணிக்கடையில் நிற்கும் இரண்டு பெண்கள், ஒரு எலெக்ட்ரீஷியன், இன்னும் சிலர்.

டீச்சர் சாக்பீஸைத் தொடவில்லை.

"முதல்ல கை தூக்குங்க. கணக்கு பிறவியிலேயே வரணும்னு நினைக்கிறவங்க யாரு?"

அம்மா கையைத் தூக்கினாள்.

"ஒரு கணக்குக்கு ஒரே வழிதான்னு நினைக்கிறவங்க?"

தூக்கினாள்.

"அஞ்சு நிமிஷத்துல வரலைன்னா அது நமக்கு வரவே வராதுன்னு?"

"டீச்சர், கையைக் கீழ போடாம அப்படியே வெச்சுக்கட்டுமா?" என்றாள் அம்மா. காவலாளி சத்தமாகச் சிரித்தார். அவருடைய கையும் மேலேதான் இருந்தது.

டீச்சரும் சிரித்தார். "இதை நிறைய பேரு ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க அக்கா. படிக்கிறவங்க அறிவைப் பத்தி என்ன நினைக்கிறாங்களோ, அதுக்கும் அவங்க வாங்கற மார்க்குக்கும் சம்பந்தம் இருக்காம். மனப்பாடம்தான்னு நினைக்கிறவங்க பெரும்பாலும் கம்மியா வாங்கறாங்க."

"அப்ப நெனப்பை மாத்தினா மார்க் வந்துடுமா?"

"அப்படிச் சட்டுனு வராது."

"எப்ப வரும்?"

"அது எனக்கே தெரியாது அக்கா."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அம்மா திட்டிக்கொண்டே வந்தாள். "தெரியாதாம். டீச்சருக்கே தெரியாதாம். நல்ல டீச்சரா பாத்துச் சேத்துவிட்டே."

அந்த வகுப்பின் முறை விசித்திரமானது. வாரத்துக்கு ஒரு கணக்குதான், செவ்வாய்க்கிழமை கொடுப்பார். டீச்சர் விடை சொல்ல மாட்டார். யாராவது செய்து காட்டி "சரியா டீச்சர்?" என்று கேட்டால், "நீங்க சொல்லுங்க. சரின்னா ஏன் சரி? தப்புன்னா எங்க தப்பு?" என்பார். அம்மாவுக்கு இது அநியாயமாகப் பட்டது. "எனக்கு என்ன வியாதின்னு டாக்டர்கிட்ட போனா, நீயே சொல்லும்மான்னு சொன்னா எப்படி இருக்கும்? அந்த மாதிரி இருக்கு."

அந்த ஆண்டு அம்மாவின் மார்க் இன்னும் குறைந்தது. அளவுக் கருவிகளைச் சோதித்துச் சான்று தருவது என் வேலை. வந்த எண்ணை வந்தபடி எழுதிப் பழகியவள், அதனால் இதையும் மறைக்கவில்லை. மார்க் குறைந்தது. மனப்பாடத்தைக் கைவிட்டிருந்தாள், புதிய பழக்கம் இன்னும் கைக்கு வரவில்லை. "இருந்ததும் போச்சா?" என்றார் அப்பா. ஆனால் புத்தகம் பறக்கவில்லை. அடுத்த வாரமும் வகுப்புக்குப் போனாள்.

ஏன் போனாள் என்பது எனக்குப் பிறகு லிஃப்ட்காரர் சொல்லித்தான் தெரிந்தது. ஆஸ்பத்திரி லிஃப்டை ஓட்டுகிறவர், வாய்த்துடுக்கானவர். ரிசல்ட் வருவதற்கு முன்பு ஒருநாள் அம்மா ஒரு நோயாளியோடு லிஃப்டில் ஏறியிருக்கிறாள். இறங்க வேண்டிய மாடி வந்தது. இறங்கவில்லை. கதவு மூடி மேலே போயிற்று.

"அக்கா, உங்க மாடி போயிடுச்சு."

"வந்துடுச்சு தம்பி!"

"போயிடுச்சுங்கறேன், வந்துடுச்சுங்கறீங்க?"

"செவ்வாக்கிழமைக் கணக்கு தம்பி! வந்துடுச்சு!"

அன்றைக்குச் சனிக்கிழமை. சக்கர நாற்காலியில் இருந்த நோயாளி மொத்தக் கட்டடத்தையும் இரண்டு முறை மேலும் கீழும் பார்த்துவிட்டுத்தான் எக்ஸ்ரேக்குப் போனார். அன்று முதல் லிஃப்ட்காரர் அம்மாவை 'கணக்கு அக்கா' என்று கூப்பிட ஆரம்பித்தார். ஆஸ்பத்திரி முழுக்க அந்தப் பேர் ஒட்டிக்கொண்டது. முதலில் கிண்டல். அம்மா அதைப் பட்டம் மாதிரி வைத்துக்கொண்டாள்.

அதன் பிறகு அவள் கணக்குப் போடும் விதம் மாறியது. விடைப் பக்கத்தைப் புரட்ட மாட்டாள். ஒரு கணக்கை நாலு நாள் தூக்கிக்கொண்டு திரிவாள். சமையலறையில் நின்று திடீரென்று "அது எப்படி?" என்று கேட்பாள், எங்களை அல்ல. நான் வாயைத் திறந்தால் கரண்டியை ஓங்குவாள்.

ஐம்பது வயதுக்கு இன்னும் இரண்டு தேர்வுகள் பாக்கி இருந்தபோது எழுதியதுதான் அவளுடைய கடைசித் தேர்வு. வெளியே வந்தவள் முகம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. "ஒரு முக்கோணக் கணக்குடி. புக்கு வழி எனக்கு ஞாபகமே இல்ல. நானே ஒண்ணு கண்டுபிடிச்சுப் போட்டேன். முழுசா என் வழி."

நாலு மார்க் குறைவில் தோற்றாள். அந்த முக்கோணக் கணக்குக்கு ஐந்து மார்க். அவளுக்குக் கிடைத்தது சைபர்.

இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அம்மா திருத்தியவர்மீது கோபப்பட்டாள். "புக்குல இருக்கற மாதிரி இல்லைன்னு வெட்டிட்டான்டி. அவனும் எங்க வாத்தியார் மாதிரிதான். ஒரே வழின்னு நினைக்கிற ஆளு." விடைத்தாளின் நகல் கேட்டு வாங்கினாள். மறுமதிப்பீட்டுக்கு மனு போட முடிவு செய்தாள். 'திருத்தியவர் தவறு செய்திருக்கிறார்' என்று என் அம்மா சொல்லி அன்றுதான் கேட்டேன். சரி தப்பு வாத்தியாருக்குத்தான் தெரியும் என்று முப்பது வருஷம் நம்பியவள்.

வயிற்று வலி அதற்கு முன்பே இருந்திருக்கிறது. கணக்கு மும்முரத்தில் சொல்லவில்லை. மனுவுக்கான கடைசித் தேதிக்குள் அவளை அவள் வேலை பார்த்த ஆஸ்பத்திரியிலேயே, அதே வார்டிலேயே சேர்க்க வேண்டியதாயிற்று. கட்டி. முற்றியிருந்தது. டாக்டர் என்னையும் அப்பாவையும் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அம்மாவிடம் நாங்கள் எதுவும் சொல்லவில்லை. நர்ஸ்களின் மேஜைக்குப் பக்கத்தில் இருக்கும் படுக்கையை அவளுக்குக் கொடுத்திருந்தார்கள்.

"எத்தனை பேருக்கு இந்தப் பெட்டுல விரிப்பு மாத்தியிருக்கேன்" என்றாள். அவ்வளவுதான்.

அங்கே வைத்துத்தான் விடைத்தாளை என்னிடம் கொடுத்தாள்.

கணக்கு இதுதான். ஒரு முக்கோணம். உச்சியிலிருந்து அடிப்பக்கத்துக்கு ஒரு கோடு. அந்தக் கோடு உச்சிக் கோணத்தைச் சமமாகப் பிரிக்கிறது. அடிப்பக்கத்தையும் சரியாக நடுவில் தொடுகிறது. அப்படியானால் முக்கோணத்தின் இடப்பக்கமும் வலப்பக்கமும் சமம் என்று நிறுவ வேண்டும். ஒரு தேற்றத்தைச் சொன்னால் ஒரே வரியில் முடிந்துவிடும். அதைப் பயன்படுத்தக் கூடாது என்று கேள்வியிலேயே போட்டிருந்தது.

அம்மா எழுதியது: கோடு முக்கோணத்தை இரண்டாக வெட்டுகிறது. நடுக்கோடு இரண்டுக்கும் பொது. அடிப்பக்கத்தின் பாதிகள் சமம். உச்சியில் கோணங்கள் சமம். இரண்டு பக்கமும் ஒரு கோணமும் சமமாக இருப்பதால் இரண்டு சின்ன முக்கோணங்களும் ஒரே மாதிரி. ஆகவே நிறுவப்பட்டது. அழகாகக் கோடு போட்டு அடிக்கோடிட்டிருந்தாள்.

படித்தால் சரி என்றே தோன்றும். சரியில்லை. அந்தக் கோணம் அந்த இரண்டு பக்கங்களுக்கும் நடுவில் இருக்க வேண்டும். நடுவில் இல்லையென்றால், அதே இரண்டு பக்கத்தையும் அதே கோணத்தையும் வைத்துக்கொண்டு வேறு வேறு முக்கோணங்கள் செய்ய முடியும். திருத்தியவர் போட்ட சைபர் நியாயமானது.

"சரிதானே?" என்றாள்.

நான் தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"சொல்லாதே. நேத்து டீச்சர் வந்திருந்தாங்க. அவங்களும் இதே மூஞ்சியைத்தான் வெச்சாங்க. மனு போடறதுக்கு முன்னாடி ஒரு நாள் அந்த ஆளு பக்கம் நின்னு வாதாடிப் பாருங்கக்கான்னாங்க. வெட்டினவன் பக்கம் நான் எதுக்குடி நிக்கணும்?"

ஆனால் நின்றாள். மறுநாள் மதியம், டாக்டர்கள் சுற்றிப் பார்த்துவிட்டுப் போன பிறகு, நர்ஸிடம் நாக்கை அழுத்திப் பார்க்கும் மரக் குச்சிகள் கொஞ்சமும் பிளாஸ்திரியும் கேட்டு வாங்கினாள். சாப்பாட்டுப் பலகையைப் படுக்கைக்குக் குறுக்கே இழுத்துக்கொண்டாள். இரண்டு குச்சிகளை வரிசையாக வைத்து நீளமாக ஒரு பக்கம் ஒட்டினாள். அதன் முனையில் இன்னொரு குச்சியைச் சாய்வாக ஒட்டினாள். அது கோணம். சாய்ந்த குச்சியின் மேல் நுனியில், பாதியைவிடச் சற்று நீளமாக ஒடித்த ஒரு துண்டை ஆடுகிற மாதிரி பிளாஸ்திரியில் தொங்கவிட்டாள். என்னைத் தொடவிடவில்லை.

துண்டை மெல்ல ஆட்டினாள். நுனி நீளப் பக்கத்தைத் தொட்டது.

"இந்தா, ஒரு முக்கோணம். கோணம் அப்படியே இருக்கு, ரெண்டு பக்கமும் அப்படியே இருக்கு. இதை விட்டா வேற எங்க..."

இன்னும் கொஞ்சம் ஆட்டினாள். நுனி உயர்ந்து, கடந்து, மறுபடியும் தொட்டது. வேறொரு இடத்தில்.

அம்மா துண்டைப் பழைய இடத்துக்குக் கொண்டுபோனாள். தொட்டது. மறுபடி புதிய இடம். தொட்டது.

"ரெண்டு இடத்துல தொடுதுடி."

"ஆமாம்மா."

"அதே பக்கம், அதே கோணம். ஆனா இது குட்டி, இது பெரிசு."

"ஆமா."

"அந்த ஆளு போட்ட சைபர் சரி."

துண்டைக் கீழே விட்டுவிட்டு இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன். சிரிப்பும் இருந்தது. நர்ஸ் ஓடி வந்தார்.

"என்ன கணக்கு அக்கா, வலிக்குதா?"

"வலிக்கலை சிஸ்டர். ஃபெயிலாயிட்டேன்."

"அதான் போன மாசமே ஆயிட்டீங்களே."

"அப்ப அவங்க ஆக்கினாங்க. இப்ப நானே ஆக்கிக்கிட்டேன்."

மனு போட வேண்டாம் என்றாள். கிழித்துப் போடச் சொன்னாள். யாரும் சொல்லாமல், எந்தப் புத்தகத்திலும் பார்க்காமல், ஒரு கணக்கு தப்பு என்று அம்மா தானாகத் தெரிந்துகொண்டது அன்றுதான். அது அவளுக்கே எதிரான கணக்காக அமைந்துவிட்டது. இன்னொரு தேர்வுக்கு அவளுக்கு வயது இருந்தது. உடம்பில் நாள் இல்லை.

"சரி, அந்த வழி செல்லாது. அப்ப செல்லற வழி ஒண்ணு இருக்கணும் இல்ல? நீ வாயைத் திறக்கக் கூடாது. டீச்சரும் திறக்கக் கூடாது. நானே பாத்துக்கறேன்."

அதற்குப் பிறகு அவளுக்கு வேறு வேலை இல்லை. மருந்துப் பெட்டி அட்டைகளைப் பிரித்துப் பின்பக்கத்தில் முக்கோணம் போட்டாள். நர்ஸ்கள் அட்டைகளைச் சேர்த்து வைத்துக் கொடுத்தார்கள். லிஃப்ட்காரர் சாப்பாட்டு நேரத்தில் எட்டிப் பார்ப்பார். "என்ன அக்கா, எத்தனாவது மாடி?" "இன்னும் தரையிலதான் தம்பி." உச்சியிலிருந்து அடிப்பக்கத்துக்குச் செங்குத்துப் போட்டுப் பார்த்தாள். உச்சி வழியாக அடிப்பக்கத்துக்கு இணைகோடு போட்டுப் பார்த்தாள். ஒவ்வொன்றையும் தானே வெட்டினாள். "இது அதே ஏமாத்து. கோணம் நடுவுல இல்ல." வெட்டும்போது அவள் குரலில் ஒரு மிடுக்கு வந்துவிட்டிருந்தது. கேட்க எனக்கு ஆசையாக இருந்தது.

கை வலுவிழந்த பிறகு அப்பா அவளுக்காகப் படம் போட்டார். லாரி ஓட்டும் கை. பென்சிலைக் கியர் மாதிரி பிடிப்பார்.

"உச்சியிலேர்ந்து கீழ இறக்குங்க. நேரா. நேரான்னா நேரா."

"நேராத்தானே வர்றேன். நீ சொல்றப்பவே ரோடு வளையுது."

"நடுவுல நிறுத்துங்க... ஏங்க! நிறுத்துங்கன்னா!"

பென்சில் அடிப்பக்கத்தில் நிற்கவில்லை. அட்டையின் வழவழப்பில் வழுக்கி, அதே நேர்க்கோட்டில், முக்கோணத்தை விட்டு வெளியே கீழே போய்விட்டது. கிட்டத்தட்ட மேலே இருந்த நீளத்துக்கே போயிருந்தது.

நான் படுக்கையின் கால்மாட்டில் நின்றிருந்தேன். அதுதான் வழி. கோட்டை அதே அளவு வெளியே நீட்ட வேண்டும், அந்த முனையை ஒரு மூலையோடு சேர்க்க வேண்டும். அம்மா அந்தக் கோட்டைப் பார்த்தாள். நன்றாகவே பார்த்தாள்.

"அழிங்க. முக்கோணத்தை விட்டு வெளிய போயிடுச்சு பாருங்க."

"பிரேக் பிடிக்கலைம்மா, என்ன பண்ண?" என்று அப்பா ரப்பரைத் தேடினார். தலையணைக்கடியில் இருந்தது. அழித்தார். தூளை ஊதிவிட்டார்.

நான் தண்ணீர் பிடிக்கிற சாக்கில் வெளியே போனேன்.

வலிக்கான மருந்தைக் கூட்டினார்கள். தூக்கம் அதிகமாயிற்று. விழித்தால் முதலில் அட்டையைத் தேடுவாள். பிறகு சில நாட்கள் தேடவில்லை. ஒரு மதியம் நான் அவள் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தேன். அப்பா டீ குடிக்கப் போயிருந்தார். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள்.

"சரி, நீயே சொல்லிடு" என்றாள்.

எதை என்று நான் கேட்கவில்லை.

"அவசரமில்லம்மா. நாளைக்குப் பாரு. நீயே கண்டுபிடிப்ப."

"இல்ல கண்ணு. சொல்லிடு."

அவள் போகப்போகிறாள் என்பது, டாக்டர் தனியறையில் சொன்னபோது எனக்குத் தெரிந்ததைவிட அப்போது நன்றாகத் தெரிந்தது. அட்டையை எடுத்தேன். புதிதாக முக்கோணம் போட்டேன். உச்சியிலிருந்து கோட்டை இறக்கினேன். அடிப்பக்கத்தைத் தாண்டி அதே நீளத்துக்குக் கீழே கொண்டுபோனேன்.

"வெளியவா?" என்றாள்.

"ஆமாம்மா. வெளியதான்."

கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அன்னிக்கு உங்கப்பா போட்டாரே."

"ஆமா."

உதட்டோரம் லேசாக அசைந்தது. "அவருகிட்ட சொல்லிடாதே. தலைகால் புரியாது அந்த மனுஷனுக்கு."

"சொல்லலை."

"ம், மேல சொல்லு."

கீழ் முனையை வலது மூலையோடு சேர்த்தேன். இப்போது நடுவில் எதிரெதிராக இரண்டு முக்கோணங்கள். இங்கே கோணம் இரண்டு பக்கங்களுக்கும் நடுவிலேயே இருக்கிறது, பார், ஏமாற்று இல்லை என்றேன். ஆகவே இவை ஒரே மாதிரி. ஆகவே இடப்பக்கத்தின் நீளம் இந்தப் புதுக் கோட்டுக்கு வந்துவிடுகிறது. உச்சிக் கோணத்தின் பாதியும் கீழ் முனைக்கு வந்துவிடுகிறது. இப்போது வலப்பக்கத்து முக்கோணத்தில் இரண்டு கோணங்கள் சமம். ஆகவே அவற்றுக்கு எதிரே உள்ள பக்கங்கள் சமம். நான் நிமிர்ந்து பார்த்தபோது அவள் கண் மூடியிருந்தது. எந்த வரியில் மூடினாள் என்று தெரியவில்லை. நான் நிறுத்தவில்லை. கடைசி வரி வரை சத்தமாகச் சொல்லி முடித்தேன்.

அந்த வாரமே போய்விட்டாள். காலை ஷிப்ட் மாறும் நேரம். அவளோடு வேலை பார்த்த பெண்களே துடைத்து, விரிப்பு மாற்றி, தலைவாரிவிட்டார்கள். வேறு யாரையும் தொடவிடவில்லை. லிஃப்ட்காரர் எந்த மாடியிலும் நிறுத்தாமல் எங்களைக் கீழே கொண்டுவந்தார்.

எல்லாம் முடிந்து சில நாள் கழித்து டீச்சர் வீட்டுக்கு வந்தார். கூடவே வங்கிக் காவலாளியும் வந்திருந்தார். அவர் அந்த ஆண்டு தேறியிருந்தார். அதைச் சொல்லலாமா கூடாதா என்று தெரியாமல் சொல்லிவிட்டு, தலையைக் குனிந்துகொண்டார். "அவ கேட்டிருந்தா சந்தோஷப்பட்டிருப்பா" என்று அப்பா அவர் தோளைத் தட்டி, மாடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். வந்தவர்களுக்கெல்லாம் அப்பாதான் ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தார்.

டீச்சர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். கைப்பையின் வாரைச் சுற்றிச் சுற்றிப் பிரித்தார்.

"அந்த முக்கோணம்..." என்றார். "அவங்களுக்கு வந்துச்சா?"

"நான் சொல்லிட்டேன் டீச்சர்."

சட்டென்று நிமிர்ந்தார். முகத்தில் கோபம் தெரிந்தது. "நீங்களாவா?"

"இல்ல. அம்மாதான் சொல்லச் சொன்னாங்க."

"அவங்களேவா?"

"சரி, நீயே சொல்லிடுன்னாங்க."

கைப்பை வார் அப்படியே நின்றது. மாடியில் அப்பாவும் காவலாளியும் நடக்கும் சத்தம் கேட்டது. டீச்சர் கண்ணைத் துடைக்கவில்லை, கண்ணீர் அது பாட்டுக்கு வழிந்துகொண்டிருந்தது.

"அவங்க கேக்க மாட்டாங்களே" என்றார்.

"ஆமா டீச்சர்" என்றேன். "கேக்க மாட்டாங்க."